சன்ரூஃப் ஒழுகுகிறதா? பீடிங்குக்கு முன்னால் தூம்பைப் பாருங்கள்

மழை நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கோவை காந்திபுரம் சிக்னலில் பிரேக்கை அழுத்தினேன். தலைக்கு மேலே இருக்கும் ரூம் லைட்டின் விளிம்பிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் மடியில் கொட்டியது. மழை வெளுத்து வாங்கியபோது உள்ளே ஒரு சொட்டுகூட விழவில்லை. வெயில் வந்த பிறகு, வண்டி முன்பக்கம் குனிந்த அந்த ஒரு நொடியில் அவ்வளவும் வந்தது.

பன்னிரண்டு வருஷம் ஓடிய கார். கடையில் காட்டியபோது, "பீடிங் போயிருச்சு சார்" என்று, அதாவது ஓரத்து ரப்பர் பட்டை கெட்டுவிட்டது என்று சொல்லி, சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி சிலிகான் பூசிக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்கும் அதே அரை டம்ளர் தண்ணீர். போதாததற்கு சன்ரூஃபும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு வயதான டிங்கர்தான் அந்த சிலிகானைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். சுரண்டிக்கொண்டே சொன்னார்: "தண்ணி உள்ள வர்றது தப்பில்லீங்க தம்பி. வந்த தண்ணி போகாம நிக்கறதுதான் தப்பு."

அவர் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த பிறகு புரிந்தது. சன்ரூஃப் உள்ள பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். நம் ஊரில் இது இப்போது பலருக்கும் தேவைப்படும் விஷயம். 2014-ல் வந்த ஹோண்டா சிட்டியின் உயர்ரக மாடலிலும், 2015-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி500-இன் உயர்ரக மாடலிலும் சன்ரூஃப் இருந்தது. அந்தக் காலத்து வண்டிகள்தான் இன்று செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் பத்து வருஷம் வெயிலில் நின்ற ரப்பருக்கு வயதாகியிருக்கும்.

முற்றத்துக்கு ஒரு மூடி

பீடிங் என்றதும் குக்கர் கேஸ்கெட் மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். கேஸ்கெட் சரியாக இருந்தால் ஆவி வெளியே வராது, போய்விட்டால் வரும். சன்ரூஃபும் அப்படித்தான் என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது.

பழைய வீட்டு முற்றத்தை நினைத்துப் பாருங்கள். நடுவீட்டில் மேலே திறந்த இடம். மழை பெய்தால் தண்ணீர் உள்ளேதான் விழும். அதற்காக யாரும் பயப்படவில்லை. முற்றத்தை ஒரு படி தாழ்த்திக் கட்டி, மூலையில் ஒரு தூம்பு வைத்தார்கள். தண்ணீர் தெருவுக்குப் போய்விடும், தாழ்வாரம் நனையாது. தூம்பில் இலை அடைத்துக்கொண்ட அன்றைக்குத்தான் கூடத்துக்குள் தண்ணீர் ஏறும்.

சன்ரூஃப் என்பது மூடி போட்ட முற்றம். கண்ணாடிக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியை பீடிங் நிரப்புகிறது. பெரும்பாலான தண்ணீரை அது மேலேயே திருப்பி விட்டுவிடும். மீறி வருவதைப் பிடிக்க, கண்ணாடிக்குக் கீழே சட்டத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது. அந்த வாய்க்காலின் நான்கு மூலையிலும் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டையும், ஒவ்வொன்றிலும் ஒரு டிரெய்ன் ட்யூபும் உண்டு. முன்பக்கத்து இரண்டு ட்யூபும் விண்ட்ஷீல்டை ஒட்டிய தூண்களுக்குள் இறங்கி, முன்கதவுக் கீலுக்குப் பக்கத்திலோ மட்கார்டுக்குப் பின்னாலோ வெளியே வரும். பின்பக்கத்து இரண்டும் பின் தூண்களுக்குள் இறங்கி, பின்சக்கரத்துக்கு மேலேயோ பம்பருக்கு உள்பக்கமோ திறக்கும். சில கார்களில் இரண்டே ட்யூப்தான் இருக்கும். எதற்கும் உங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொட்டுகூட வராத மாதிரி ஏன் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றும். காரணம், கண்ணாடி அசைய வேண்டும். இறுக்கமாக ஒட்டிய ரப்பர் என்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிய்ந்துகொண்டு வரும். அதோடு, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது காரின் உடம்பே இம்மி முறுக்கும். வேகமாகப் போகும்போது கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து, கண்ணாடியை மேல்நோக்கி இழுக்கும். இதெல்லாம் தெரிந்துதான், தண்ணீர் கொஞ்சம் உள்ளே வரும் என்று முதலிலேயே எண்ணி, அதற்கு வழி வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அன்று என் மடியில் கொட்டியது வாய்க்காலில் தேங்கிய தண்ணீர். பிரேக் போட்டபோது அது முன்பக்கம் சரிந்து, வாய்க்காலின் உள்விளிம்பைத் தாண்டி, ரூஃப் லைனிங்குக்கு (கூரையின் உள்பக்க விரிப்பு) மேலே ஓடி, லைட் ஓட்டை வழியாக இறங்கியது. பீடிங்கை மாற்றியிருந்தாலும் அது கொட்டியிருக்கும்.

எங்கே நனைகிறது?

அதனால் காசு செலவழிக்கும் முன்னால் கால் லிட்டர் தண்ணீரும் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி சன்ரூஃபை முழுக்கத் திறந்து, முன்மூலை வாய்க்காலில் மெதுவாக ஊற்றுங்கள். கீழே ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். சில நொடிகளில் அந்தப் பக்கத்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் விழ வேண்டும். வாய்க்காலில் நின்றால் ட்யூப் அடைத்திருக்கிறது. வாய்க்காலிலிருந்து இறங்கிவிட்டது, ஆனால் கீழே வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ட்யூப் எங்கோ கழன்று, தண்ணீர் தூணுக்குள்ளோ ஃப்ளோர் மேட்டுக்கு அடியிலோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஈரம் தெரியும் இடமும் ஒரு துப்புதான். முன்சீட்டுக் கால்வைக்கும் இடம் நனைந்தால் முன் ட்யூபைச் சந்தேகப்படலாம். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் பின் ட்யூப். லைனிங்கில் மூலை ஓரமாக டீக்கறை மாதிரி வட்டம் விழுந்திருந்தால், வாய்க்கால் நிரம்பி வழிந்திருக்கிறது அல்லது ட்யூப் வாயிலிருந்து நழுவியிருக்கிறது. ஆனால் கூரையில் உள்ள ஆன்டெனாவின் அடிப்பகுதி, விண்ட்ஷீல்டின் மேல் ஓரம், கேரியர் பொருத்திய போல்ட் ஓட்டை, இவையும் ஒழுகும். பழி மட்டும் சன்ரூஃப் மேல் விழும். பாட்டில் சோதனையில் நான்கு மூலையும் பாஸ் என்றால் இந்த இடங்களையும் ஒரு பார்வை பாருங்கள்.

அடைப்பை எடுக்கப் புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு நல்ல கருவி. இரண்டு மில்லிமீட்டர் கனம் போதும். நுனியைத் தீக்குச்சியில் லேசாக உருக்கி உருண்டையாக்கிக்கொண்டால் ட்யூபைக் குத்தாது. மேலிருந்து திருகித் திருகி மெதுவாக விடுங்கள். கம்ப்ரஸர் காற்றை வைத்து அடிக்காதீர்கள். அடைப்பு இளகாமல், தூணுக்குள் இருக்கும் ட்யூப் இணைப்பு கழன்றுகொண்டால் பிறகு லைனிங்கையே இறக்க வேண்டி வரும். பல வண்டிகளில் கூரையின் பக்க ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது. அந்த லைனிங்கைப் புதிதாகப் பழகுபவர் பிடித்து இழுக்கவே கூடாது.

ட்யூப் வெளியே வரும் நுனியையும் பாருங்கள். சில வண்டிகளில் அங்கே வாத்து அலகு மாதிரி தட்டையான ஒரு ரப்பர் வாய் இருக்கும். பூச்சியும் தூசியும் ஏறாமல் இருக்க வைத்தது. வருஷக்கணக்கில் சேறு ஒட்டி அந்த அலகு மூடிக்கொள்ளும். இரண்டு விரலால் பிசைந்து விட்டாலே திறக்கும்.

என் வண்டி தினமும் புளியமரத்தடியில் நின்றது. புளிய இலையின் சிற்றிலைகளுக்கு அந்த ஓட்டைக்குள் போகச் சரியான அளவு. சித்திரையில் வேப்பம்பூவும் சேர்ந்துகொள்ளும். நரம்பை விட்டு இழுத்தபோது வந்தது மண்ணும் இலையும் குழைந்த கறுப்புக் களி. அது வந்ததும் தேங்கி நின்ற தண்ணீர் 'களக்' என்று ஒரு சத்தத்தோடு இறங்கியது.

பீடிங் உண்மையிலேயே போய்விட்டால்

ட்யூப் சரியாக இருந்தும் பீடிங்கை மாற்றவேண்டிய நேரம் வரும். கெட்டுப்போன பீடிங் தண்ணீரைவிடச் சத்தத்தில்தான் முதலில் தெரியும். எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய விசில். பிறகு தூசி. கண்ணாடியைத் திறந்தால் வாய்க்கால் முழுக்கச் செம்மண் படிந்திருக்கும். வாய்க்காலுக்கு அதிகமாக வேலை வைப்பதால், ட்யூப் அடைபடவும் மோசமான பீடிங்கே காரணமாகிவிடும்.

பெரும்பாலும் இந்த பீடிங்குகள் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும் ரப்பர்தான். ஆனால் வருஷக்கணக்கில் அழுந்தியே இருந்தால், அழுந்திய நிலையிலேயே தங்கிவிடும். விட்டதும் எழும்பாது. இங்கேதான் குக்கர் கேஸ்கெட் உதாரணம் பொருந்துகிறது. தட்டையாகி, விறைத்து, சுற்றளவே கொஞ்சம் சுருங்கிப் போன பழைய கேஸ்கெட்டை எல்லோரும் பார்த்திருப்போம். சன்ரூஃப் பீடிங்கிலும் அதே மூன்று அறிகுறிகள். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழும்பினால் உயிர் இருக்கிறது. மூலை வளைவுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முனையும் சேரும் இடத்தில் இடைவெளி விட்டிருந்தால் சுருங்கிவிட்டது.

இன்னொரு சோதனை, காகிதத்தில். இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டை ஓரத்தில் வைத்துக் கண்ணாடியை மூடி, மெதுவாக இழுங்கள். லேசான பிடிப்போடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தொடவே இல்லை. கிழிந்தால் அளவுக்கு மேல் அழுந்துகிறது. சுற்றிலும் ஒரு பன்னிரண்டு இடத்தில் பார்த்தால் படம் தெளிவாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் தளர்வாக, மற்ற இடமெல்லாம் சரியாக இருந்தால் கோளாறு பீடிங்கில் இல்லை, கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அப்போது புது பீடிங் வாங்க வேண்டாம். கண்ணாடியைத் தாங்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி உயரத்தைச் சரிசெய்தால் போதும்.

வாங்கப் போகும்போது சேஸிஸ் நம்பரோடு போங்கள். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்தக் கண்ணாடிக்கு பீடிங் தனியாகக் கிடைக்குமா? சில கண்ணாடிகளில் ரப்பர் விளிம்பைக் கண்ணாடியோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். அதில் பீடிங்கை மட்டும் மாற்ற வழியில்லை, கண்ணாடியோடுதான் வாங்க வேண்டும். தனியாகக் கிடைப்பதில் கண்ணாடி விளிம்பைக் கவ்வுகிற வகை ஒன்று, கூரைத் தகட்டின் ஓரத்தைக் கவ்வுகிற வகை ஒன்று. சில கார்களில் இரண்டுமே உண்டு. எது உங்களுடையது என்று தெரியாமல் ஆர்டர் போடாதீர்கள்.

கம்பெனி பீடிங் கிடைக்காத பழைய வண்டி என்றால் மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங்கைத் தேட வேண்டியிருக்கும். பழைய பீடிங்கில் ஐந்து சென்டிமீட்டர் வெட்டிக் கையோடு எடுத்துப் போங்கள், அதுவும் அழுந்தாத இடத்திலிருந்து. அழுந்திய துண்டைக் காட்டினால் கடைக்காரர் அதே உயரத்துக்குத்தான் கொடுப்பார், ஒரிஜினல் உயரம் அதைவிட அதிகம். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பார்ட்ஸ் சந்தைகளில் கண்ணாடி, பிராக்கெட், ஸ்க்ரூ, மூடிகள் எல்லாம் தாராளமாக வாங்கலாம். பீடிங்கை மட்டும் பழையது வாங்க வேண்டாம். அதற்கும் உங்கள் பீடிங்கின் வயதுதானே இருக்கும்?

கண்ணாடியைக் கழற்றுவது

வண்டி நிழலில், சமதளத்தில் நிற்கட்டும். கூட ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலான சறுக்குக் கண்ணாடிகளில் வேலை உள்ளிருந்து ஆரம்பிக்கும். உள்பக்கத் தடுப்பைப் பின்னால் தள்ளி, கண்ணாடியை மூடிய நிலையிலோ பின்பக்கம் தூக்கிய நிலையிலோ வைத்தால், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடிகள் தெரியும். அவற்றை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் கருவியால் எடுங்கள். பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஸ்க்ரூ இருக்கும். பெரும்பாலும் ஸ்டார் தலை, பல வண்டிகளில் டி25 அளவு. சிலவற்றில் நட்டு.

தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் சுற்றி பிராக்கெட் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்த ஸ்க்ரூ ஓட்டைகள் நீள்வட்டமாக இருக்கும். கண்ணாடியின் உயரத்தை அங்கேதான் சரிசெய்திருப்பார்கள். சில வண்டிகளில் உயரத்துக்கு மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். வலதுபக்கம் முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று எண்ணி எழுதிவையுங்கள். கழற்றியதும் எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தால் ஒரு நாள் போய்விடும்.

பழைய ஸ்க்ரூதான் இந்த வேலையில் ஆளைச் சோதிக்கும். ஸ்டார் குழிக்குள் தூசி கெட்டித்திருக்கும். ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு பிட்டை வையுங்கள். முழு ஆழம் இறங்கியதா என்று பார்த்து, உள்ளங்கையால் மேல்நோக்கி நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். அசையவில்லை என்றால் பிட்டின் பின்புறம் சுத்தியலால் ஒரு சின்னத் தட்டு. துரு எண்ணெய் வேண்டுமென்றால் காதுக் குச்சியில் தொட்டு ஸ்க்ரூ கழுத்தில் மட்டும் வையுங்கள். ஸ்ப்ரே அடித்தால் லைனிங்கில் கறை பிடிக்கும், ரப்பரிலும் படும். டிரில்லில் பிட் மாட்டித் திருப்ப வேண்டாம். தலை வழுவழுத்துப்போனால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சிரமம்தான்.

ஸ்க்ரூ எல்லாம் வந்ததும் ஒருவர் உள்ளிருந்து மேலே தள்ள, ஒருவர் வெளியிலிருந்து ஏந்த வேண்டும். பழைய கம்பளியை விரித்து அதில் படுக்க வையுங்கள். சிமென்ட் தரையில் செங்குத்தாக நிறுத்தாதீர்கள். டெம்பர் செய்த கண்ணாடிக்கு முகம் பலம், விளிம்பு பலவீனம். நடுவில் குத்தினால் தாங்கும். ஓரத்தில் ஒரு கல்மணி அழுத்தினால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடலாம்.

இந்தக் காரணத்துக்காகவே இன்னொரு வகைச் சன்ரூஃபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1980, 90-களின் கார்களில், கூரையில் ஓட்டை வெட்டி வெளியே பொருத்திய வகையிலும், மேல்நோக்கித் தூக்கும் கண்ணாடி நிறைய உண்டு. முன்னால் இரண்டு கீல், பின்னால் ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். இதில் பிராக்கெட் ஒட்டியிருக்காது. கண்ணாடியிலேயே ஓட்டை போட்டு, அதன் வழியாக போல்ட் போகும். அந்த ஓட்டைக்குள் ஒரு நைலான் புஷ், மேலும் கீழும் ஒரு ரப்பர் வாஷர். உலோகம் எந்த இடத்திலும் கண்ணாடியைத் தொடக் கூடாது என்பதுதான் இவற்றின் வேலை. பழைய வண்டியில் இந்த புஷ் மஞ்சளாகி, நொறுங்கி, விரல் பட்டாலே மாவாக உதிரும். ரப்பர் வாஷர் பிஸ்கட் மாதிரி ஒடியும். போல்ட் தளர்ந்து கடகடக்கும். உடனே ஸ்பேனரை எடுத்து இறுக்கத் தோன்றும், அதைச் செய்துவிடாதீர்கள். புஷ் இல்லாத ஓட்டையில் போல்ட்டை இறுக்குவது, கண்ணாடியை உடைக்க எடுக்கும் முயற்சிதான்.

கம்பெனி புஷ் கிடைக்காவிட்டால் உடைந்த துண்டையும் போல்ட்டையும், ஓட்டையின் அளவைக் குறித்த சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு லேத்துக்குப் போங்கள். கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை. நைலான் ராடில் புஷ் கடைந்து கொடுப்பார்கள். போல்ட்டைவிட இம்மி தளர்வு, ஓட்டைக்கும் இம்மி தளர்வு என்று சொல்லுங்கள். கண்ணாடியின் தடிமனைவிட புஷ் நீளமாக இருக்கக் கூடாது. நீளமாக இருந்தால் வாஷர் அழுந்தாது, தண்ணீர் அதன் வழியாகவே இறங்கும். இறுக்கும்போது ரப்பர் வாஷரின் ஓரம் லேசாகப் பிதுங்கும் வரை திருப்பி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். போல்ட் கழன்றுவிடுமோ என்ற பயத்துக்கு, மரையில் நடுத்தர வலிமையுள்ள மரைப்பசை ஒரு சொட்டு. அது சிலவகைப் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும், ஆகவே மூடிகளில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூக்களை மாற்றும்போது நீளமும் மரையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ரெண்டு மில்லிமீட்டர் நீளமாக இருந்தால்கூட ரெயிலிலோ கேபிளிலோ உரசும். சறுக்கும் ரெயிலில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் தேய்ந்திருந்தால் ஸ்பீட் பிரேக்கரில் கண்ணாடி ஆடும் சத்தம் கேட்கும். கண்ணாடியின் ஒரு பக்கம் முந்திக்கொண்டு கோணலாக நகர்ந்தால் அது கேபிள் கோளாறு. அதைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

புது பீடிங்கைப் போடுவது

பழைய பசையைச் சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும். தின்னரும் பெட்ரோலும் வேண்டாம், பெயின்ட்டுக்கும் ரப்பருக்கும் ஆகாது. புது பீடிங்கை அரைமணி நேரம் வெயிலில் போட்டு வைத்தால் இளகி, சொன்னபடி வளையும்.

இணைப்பு பின்விளிம்பின் நடுவில் வரட்டும், கம்பெனி புத்தகம் வேறு இடம் சொன்னால் தவிர. ஓடும் வண்டியில் காற்றும் மழையும் முன்விளிம்பில்தான் மோதும். மூலையிலும் இணைப்பு வைக்கக் கூடாது, வளைவில் ரப்பர் எப்போதும் பிரிந்துபோகப் பார்க்கும். மூலைகள் வார்த்து வரும் முழு வளையம் என்றால், முதலில் நான்கு மூலைகளையும் உட்கார வைத்துவிட்டு நடுப்பகுதிகளுக்கு வாருங்கள்.

இந்த வேலையில் எல்லோரும் செய்யும் ஒரே பெரிய தவறு, பீடிங்கை இழுத்துப் போடுவது. இழுத்தால் நேராக, அழகாக உட்காருகிற மாதிரி இருக்கும். ரப்பர் இரண்டு வாரத்தில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். இணைப்பில் வாய் திறந்துகொள்ளும். இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் அதிகமாக விட்டு வெட்டி, இரு முனையையும் நெருக்கி அமுக்குங்கள். கையால் உள்நோக்கித் தள்ளியபடியே சுற்றி வந்தால் போதும். பசை இல்லாமல் கவ்வுகிற வகைக்குச் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டால் வழுக்கி உட்காரும். பசையுள்ள வகைக்கு ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுத்த பிறகு கண்ணாடியைத் திறங்கள்.

அடுத்தது உயரம். புது பீடிங் போட்டும் விசில் போகவில்லை என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டி வந்தவர்கள். பல வண்டிகளுக்கும் பொருந்தும் கணக்கு இது: கண்ணாடியின் முன்விளிம்பு கூரைத் தகட்டுக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் வரை தாழ்ந்தோ இருக்கலாம். பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் வரை உயர்ந்தோ இருக்கலாம். முன்விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் எதிர்க்காற்று அதில் மோதிக் கத்தும். பின்விளிம்பு பள்ளமாக இருந்தால், தாண்டிப் போகவேண்டிய காற்று பின்னால் இருக்கும் தகட்டு ஓரத்தில் முட்டும்.

ஒரு மில்லிமீட்டரை எப்படி அளப்பது? உங்கள் பர்ஸில் உள்ள ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். இரும்பு ஸ்கேலைக் கூரைத் தகட்டின் மேல் படுக்க வைத்துக் கண்ணாடிப் பக்கம் நீட்டுங்கள். முன்மூலையில் ஸ்கேலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கார்டு நுழைந்து லேசாகப் பிடித்தால் அளவு சரி. இரண்டு கார்டு நுழைந்தால் தாழ்ந்துவிட்டது. பின்மூலைக்கு ஸ்கேலைக் கண்ணாடி மேல் வைத்துத் தகட்டுப் பக்கம் நீட்டி, அதே மாதிரி பாருங்கள்.

ஸ்க்ரூக்களை முதலில் கையால் பொருத்தி, கண்ணாடியை இம்மி இம்மியாக அசைத்து உயரம் வைத்து, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு ஸ்க்ரூ இறுக்கி, மறுபடியும் அளந்து, அதற்கு அப்புறம்தான் மற்றவற்றை இறுக்க வேண்டும். இறுக்கம் மிகக் குறைவு. பல வண்டிகளில் நான்கைந்து நியூட்டன் மீட்டர்தான். ஸ்க்ரூ டிரைவரை முழு முஷ்டியில் பிடிக்காமல் மூன்று விரலில் பிடித்து இறுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். பிறகு காகிதச் சோதனையை மறுபடி ஒரு சுற்று.

மின்சாரத்தில் ஓடுவது என்றால் முதல் முறை மூடும்போது பட்டனில் கை இருக்கட்டும். எங்காவது இடித்தால் விட்டுவிடலாம். பேட்டரியைக் கழற்றியிருந்தால் சில வண்டிகள் தங்கள் மூடும் எல்லையை மறந்திருக்கும். பட்டனை எத்தனை நொடி பிடித்தால் மறுபடி நினைவுக்கு வரும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

ரப்பருக்குப் பூசுவதில் ஒரு எச்சரிக்கை. வாசலின், தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், துரு ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். ஈ.பி.டி.எம். ரப்பர் வெயிலை ஜெயிக்கும், கனிம எண்ணெயிடம் தோற்றுவிடும். எண்ணெயை உறிஞ்சி ஊதி, கொழகொழத்துப் போகும். சிலிகான் கிரீஸைத் துணியில் தொட்டு, தடவிய இடம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். ஓட்டையை அடைக்க டியூபில் பிதுக்கும் சிலிகான் வேறு, இந்த சிலிகான் கிரீஸ் வேறு. கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்.

சோதிக்கத் தோட்டத்து ஹோஸ் போதும், முனையில் எதுவும் மாட்டாமல். பிரஷர் வாஷ் துப்பாக்கியைப் பீடிங்குக்கு நேராகப் பிடித்தால் புத்தம் புது வண்டியின் சன்ரூஃபிலும் தண்ணீர் உள்ளே போகும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, ஒருவர் மெதுவாக ஒவ்வொரு ஓரத்திலும் ஐந்து நிமிஷம் தண்ணீர் விடட்டும். வாய்க்காலில் ஈரம் தெரிந்தால் கவலை வேண்டாம், அது அங்கே வரவேண்டிய தண்ணீர்தான். நான் சோதித்த அன்று உள்ளே உட்கார்ந்திருந்தேன். லைனிங் காய்ந்தே இருந்தது. வெளியே இறங்கிப் பார்த்தபோது இடதுபக்க முன்கதவுக் கீலுக்குக் கீழே, தரையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு ஈரம் பரவியிருந்தது. இத்தனை மாதமாக அங்கே விழாமல் இருந்த தண்ணீர்.

இதோடு வேலை முடிந்துவிட்டது என்று ஃப்ளோர் மேட்டை விரித்துவிடாதீர்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் விரல்கனத்துக்கு ஸ்பாஞ்ச் இருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அழுத்தினால் தண்ணீர் ஊறி வரும். சில கார்களில் சீட்டுக்கு அடியிலேயே ஒயர் இணைப்புகளும் எலெக்ட்ரானிக் பெட்டிகளும் இருக்கின்றன. கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, கதவுகளைத் திறந்து வைத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒருமுறை வாய்க்காலை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, நான்கு மூலையிலும் அந்தக் கால் லிட்டரை ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.